பதினாறு பிட் போதும் என்று எழுதிக் கொடுத்தது

மார்ச் 6, 1995 – திங்கள்

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து எங்கள் தமான் குடியிருப்பில் கார்கள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் யாரோ கோழிக் குடலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நகராண்மைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை திருத்தினேன். அனுப்பவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுபோய் நானே கழுவிவிட்டேன்.

மாலையில் தம்புசாமி வந்தார். லோரிக் குத்தகைக்காரர், நான் சிறுவயதில் படித்த புக்கிட் மெராந்தி தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு இப்போது அவர்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். பள்ளிக்குப் பன்னிரண்டு கணினி வாங்கப் போகிறார்களாம். நில அளவை இலாகாவில் முப்பத்து மூன்று வருடம் கணக்குப் போட்டவன் என்பதால் என் கருத்து எழுத்தில் வேண்டுமாம். கேள்வி ஒன்றுதான்: பதினாறு பிட் இயந்திரம் போதுமா, முப்பத்திரண்டு பிட் வேண்டுமா? பத்து வருடம் உழைக்க வேண்டும்.

"நீங்க படிச்ச மனுஷன். நாங்க லோரி ஓட்டுற கூட்டம். ஒரு கடிதாசு எழுதிக் குடுங்க, கூட்டத்துல வாசிச்சிடுவோம்" என்றார்.

விற்கப் போவது யார் என்று கேட்டேன்.

"ஒங்க மருமகன்தான்லா. வேற யாரு?"

மார்ச் 9 – வியாழன்

பொது நூலகத்தில் இரண்டு மணி நேரம். பிறகு ஜாலான் புங்கா ராயா தெருவில் அப்துல் வஹீது பாய் கடையில் இரண்டு ஆங்கிலக் கணினி இதழ்கள். "என்ன சார், கம்ப்யூட்டர் பக்கம் போயிட்டீங்க?" என்று கேட்டார். பேரனுக்கு என்றேன். எனக்குப் பேரன் இல்லை. எதற்கு இந்தப் பொய்? யார் அடிக்க வந்தார்கள்?

படித்ததைக் குறித்து வைக்கிறேன். பிட் என்பது ஒன்றோ பூச்சியமோ நிற்கும் ஓர் இடம். பதினாறு பிட் புரோசசர் ஒரே மூச்சில் பதினாறு இடம் அகலமுள்ள எண்ணைத்தான் தூக்கும். அதில் 65,536 வகைதான் அடங்கும். முப்பத்திரண்டு இடத்தில் 4,294,967,296. கையால் பெருக்கிப் பார்த்தேன், சரி. மறுபடி பெருக்கினேன். சரிதான்.

இலாகாவில் கையால் சுற்றும் கணக்கு இயந்திரம் ஒன்று என் மேசையில் இருந்தது. பதின்மூன்று இலக்கம் அகலம். விடை அதைத் தாண்டினால் உள்ளே சின்ன மணி ஒன்று அடிக்கும். கைப்பிடியை நிறுத்திவிட்டுக் கணக்கை இரண்டாகப் பிரிப்போம். இந்தப் பெட்டிகளில் மணி கிடையாது. நிரல் எழுதியவன் கவனிக்காமல் விட்டால், நிரம்பியதும் சத்தமில்லாமல் பூச்சியத்துக்குத் திரும்பிவிடுமாம்.

மார்ச் 11 – சனி

கணினியை நடத்துவது ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற அடிப்படை நிரல். சுருக்கமாக 'சிஸ்டம்' என்று எழுதுகிறேன். இந்த ஆண்டு புதிய விண்டோஸ் சிஸ்டம் வரப்போகிறது. அதற்கு முப்பத்திரண்டு பிட் புரோசசர் இருந்தே ஆக வேண்டும் என்று இரண்டு இதழ்களுமே சொல்கின்றன. பழைய பதினாறு பிட் இயந்திரத்தில் அது மெதுவாக ஓடும் என்றில்லை. ஏறவே ஏறாது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். பதினாறு பிட் இயந்திரமும் நினைவகத்தைத் தெருத்தெருவாகப் பிரித்துக்கொண்டு, தெரு எண் ஒன்று, வீட்டு எண் ஒன்று என்று வைத்து, பதினாறு மில்லியன் இடம்வரை எட்டுகிறது. எழுத்துப் பழகவும் கூட்டல் கழித்தலுக்கும் இது போதாதா? அறுபத்தெட்டு வயதில் இரண்டு இதழ் படித்துவிட்டு நான் யார் தீர்ப்புச் சொல்ல?

மார்ச் 12 – ஞாயிறு

மாப்பிள்ளை காளிதாஸும் மகள் புனிதாவும் சாப்பிட வந்தார்கள். அவருக்கு ஆயர் குரோவில் கணினிக் கடை. என் மனைவி முனியம்மா நண்டு வாங்கி வைத்திருந்தாள். அவர் ஓட்டை உறிஞ்சுகிற சத்தத்தில் நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மெல்லத்தான் கேட்டேன். "மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு முப்பத்திரண்டு பிட்டா கொடுத்தா என்ன?"

"மாமா, கித்தா மரத்துக்கு ஏர்கான் மாட்டச் சொல்றீங்க."

ரப்பர் மரத்துக்குக் குளிர்சாதனமாம். புனிதா சிரித்தாள். முனியம்மாகூட.

புதிய சிஸ்டம் வருகிறதே என்றேன். "வரட்டும்லா. அது ஆபீஸ்காரனுக்கு. எஸ்டேட் புள்ளைங்க அ ஆ அடிக்கிறதுக்கு இதுவே ஜாஸ்தி."

நான் வேண்டாத ஒன்றையும் சொன்னேன். சில சிஸ்டங்கள் நேரத்தை 1970 முதல் வினாடி வினாடியாக முப்பத்திரண்டு பிட் பெட்டி ஒன்றில் எண்ணுகின்றன. ஓர் இடம் கூட்டல் கழித்தல் குறிக்குப் போனால் மீதி முப்பத்தொன்றும் 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும். ஆக முப்பத்திரண்டும் முடிவல்ல, அறுபத்துநான்கு வந்துதான் ஆக வேண்டும் என்றேன்.

விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "2038-லயா? அப்ப நீங்க இருக்க மாட்டீங்க மாமா. ஏன் டென்ஷன்?"

மார்ச் 18 – சனி

நான்கு பக்கம் முடித்தேன். ஃபுல்ஸ்காப் தாள், நீல மை. வாங்குவதானால் முப்பத்திரண்டு பிட் வாங்குங்கள். பன்னிரண்டுக்கு வழியில்லையென்றால் ஐந்து வாங்குங்கள். பதினாறு பிட் இயந்திரம் வரப்போகும் சிஸ்டங்களுக்குப் பயன்படாது. கடைசிப் பத்தியில், முப்பத்திரண்டும் ஒருநாள் போதாமல் போகும், அதையும் தெரிந்தே வாங்குங்கள் என்று எழுதினேன். அதை எழுதாவிட்டால் நேர்மை ஆகாது.

முனியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "எழுதுறது சரி. வாயைத் தொறந்து படிப்பீங்களா?" என்று கேட்டாள்.

மார்ச் 19 – ஞாயிறு

தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபத்தில் கூட்டம். நாற்பது பேர் இருக்கும். நான்கு பக்கம் சட்டைப்பையில்.

தம்புசாமி எழுந்து, தட்டு மாற்றியாகிவிட்டது என்றார். போன வெள்ளிக்கிழமையே. அம்மன் சந்நிதியில் வெற்றிலை பாக்கு, பழம், முன்பணம் வைத்து, காளிதாஸ் கையில் கொடுத்துவிட்டார்களாம். கணினிக்கு நிச்சயதார்த்தம்!

நான் எழுந்து, கருத்து எழுதி வந்திருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"ஐயா, ஆத்தா முன்னாடி தட்டு மாத்தியாச்சு. பூ வெச்ச பொறவு ஜாதகம் கேக்கலாமா? நீங்க கையெழுத்துப் போடுங்க, கோப்புல வெச்சிக்கிறோம்."

கடிதம் தயாராக இருந்தது. காளிதாஸ் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தான் – அவர் என்று எழுத இன்று கை வரவில்லை. 'பதினாறு பிட் இயந்திரங்கள் அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் போதுமானவை எனச் சான்றளிக்கிறேன்.' கீழே என் பெயர், பழைய பதவி, எல்லாம். பேனாவையும் மூடி திறந்தே நீட்டினான். பக்கத்தில் பெண்கள் வரிசையில் புனிதா, புதுச் சேலையில்.

போட்டேன்.

கை கழுவ வேண்டும்போல் இருந்தது. கோவில் குழாயில் கழுவினேன். வீட்டுக்கு வந்தும் கழுவினேன்.

மார்ச் 20 – திங்கள்

பல் துலக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. முனியம்மா நண்டுதான் காரணம் என்றாள். நண்டு சாப்பிட்டு எட்டு நாளாகிறது.

ஏப்ரல் 16 – ஞாயிறு

புத்தாண்டுக்குப் பள்ளியில் இயந்திரங்களைத் திறந்து வைத்தார்கள். நானும் போனேன், போகாமல் இருக்கத் துணிவில்லை. சிங்கப்பூரில் ஏதோ அலுவலகம் கழித்துக் கட்டியவை. வெள்ளைப் பெட்டிகள் சிகரெட் புகையில் பல்லின் கறைபோல மஞ்சளாகியிருந்தன. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினேன். முடி, நகத் துண்டு, காய்ந்த சோற்றுப் பருக்கை, ஒரு கரப்பான் முட்டை. இதைத்தான் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டிக் கும்பிட்டார்கள்.

அதைவிடக் கேவலம் சுவரில் இருந்தது. நான் கையெழுத்திட்ட கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். தம்புசாமி என் தோளில் தட்டினார். "ஐயா எழுத்து நிக்கட்டும்லா, அடுத்த தலைமுறை பாக்கட்டும்!"

சீ.

மே 13 – சனி

முழங்கால் வலி. மழை. கால்வாயில் மறுபடி கோழிக் குடல்.

ஆகஸ்ட் 27 – ஞாயிறு

புதிய விண்டோஸ் வந்துவிட்டது. பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. ஆயர் குரோவுக்கு ஒரு வேலையாகப் போனவன் காளிதாஸ் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். வாசலில் பலகை: 'எதிர்காலம் 32 பிட்!' அவனுடைய சொந்த மேசையில் இருப்பதும் அதுதான்.

"வாங்க மாமா, பசியாறிட்டீங்களா?" என்றான். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. பலகையைக் காட்டினேன். "வியாபாரம் மாமா. அன்னிக்கு அது, இன்னிக்கு இது."

மைலோ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன். ஏன் குடித்தேன்?

செப்டம்பர் 16 – சனி

தலைமையாசிரியை பவானேஸ்வரி தொலைபேசினார். பழைய மாணவர் ஒருவர் கோலாலம்பூரிலிருந்து தமிழ், கணிதம் கற்பிக்கும் வட்டுகள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாராம். புதிய சிஸ்டத்தில்தான் ஓடும். பன்னிரண்டு இயந்திரத்திலும் போட்டுப் பார்த்தார்களாம். ஒன்றுகூட ஏற்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஐயா, உங்க கடிதத்துல பத்து வருஷம்னு இருக்கு. நாங்கதான் ஏதோ தப்பா போடுறோம்போல. எப்படிப் போடணும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? ஐந்து மாதத்தில் கிழட்டுப் பெட்டிகளாகிவிட்டன. என் கையெழுத்தை நம்பி, தவறு தங்களுடையது என்கிறார்கள். இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு பிசைகிறேன்?

செப்டம்பர் 21 – வியாழன்

முனியம்மாவைக் கேட்டேன்: தட்டு மாற்றிய பிறகு திருப்பிக் கொடுக்கிற வழக்கம் உண்டா?

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உண்டு. எங்க சின்னம்மா மகளுக்கு நடந்துச்சு. சபையில இருந்த பெரிய மனுஷன் ஒருத்தரு அதே மாதிரி தட்டு வெச்சி, வாங்குனவங்க கையில திருப்பிக் குடுக்கணும். எவன் வருவான்? அதான் பாதிக் கல்யாணம் நடக்குது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "புனிதா வீட்டுக்காரருங்க" என்றாள்.

தெரியும் என்றேன்.

செப்டம்பர் 30 – சனி

பள்ளியில் சரஸ்வதி பூசை. காளிதாஸுக்குப் பொன்னாடை போர்த்துவதாக இருந்தது, கணினி தந்த வள்ளல் என்று.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே போய் பவானேஸ்வரியிடம் அனுமதி கேட்டுச் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினேன். கடிதத்தை உருவினேன். வீட்டிலிருந்து கொண்டுபோன தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்து, நடுவில் கடிதத்தை வைத்தேன். பொன்னாடை போர்த்தி முடிந்ததும் எழுந்து நடந்தேன். தட்டிலிருந்து பாக்கு உருண்டது. யாரோ பொறுக்கி மறுபடி தட்டில் வைத்தார்கள், ஏதோ மரியாதை செய்யப் போகிறேன் என்று நினைத்து.

"நான் எழுதிக் கொடுத்தது பொய். சபைக்கு முன்னாடி தட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "மைக்கைப் பிடிங்க ஐயா!" பிடித்தேன். மறுபடி சொன்னேன். பிறகு நான்கு பக்கத்தையும் படித்தேன். முதல் பக்கத்தில் என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. மூன்றாம் பக்கத்தில் சரியாகிவிட்டது. கடைசிப் பத்தி வரைக்கும் படித்தேன்.

காளிதாஸ் தட்டை வாங்கிக்கொண்டான். அத்தனை பேர் பார்க்கும்போது நீட்டிய தட்டை யாரும் மறுக்க முடியாது. நானும் அதை எண்ணித்தான் போனேன். வாங்கிய கையோடு சிரித்தான். "மாமாவுக்கு வயசாச்சு" என்று மைக் இல்லாமல் சொன்னான்.

தம்புசாமி: "சொந்த மருமகனையே சபையில... த்தூ, நல்லாவா இருக்கு?"

அவர் உண்மையிலேயே துப்பினார். என் செருப்புக்குப் பக்கத்தில்.

அக்டோபர் 1 – ஞாயிறு

புனிதா தொலைபேசினாள். "இனிமே நாங்க வர்றதா இல்லப்பா." வைத்துவிட்டாள்.

அக்டோபர் 23 – திங்கள். தீபாவளி

வரவில்லை. முனியம்மா முறுக்கை டின்னோடு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். நான் செய்தது சரிதானா? கணக்குச் சரி. மற்றது?

நவம்பர் 18 – சனி

பவானேஸ்வரி சொன்னார். சபையே கேட்டுவிட்டதால் பெற்றோர்கள் விடவில்லை. பத்துப் பேர் கடைவாசலில் போய் நின்றார்களாம். காளிதாஸ் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு, ஐந்து முப்பத்திரண்டு பிட் இயந்திரம் கொடுத்துவிட்டான். வட்டுகள் ஓடுகின்றன. நான் எழுதியிருந்த அதே ஐந்து.

சந்தோஷப்பட வேண்டும். முறுக்கு டின் இன்னும் மேலேயே இருக்கிறது.

டிசம்பர் 10 – ஞாயிறு

அப்துல் வஹீது பாய் ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். "சார், நீங்க எழுதினதா? நல்லா எழுதியிருக்கீங்க."

என் நான்கு பக்கம். என் கையெழுத்திலேயே நகல் எடுத்து, மேலே காளிதாஸ் கடைப்பெயர். 'ஓய்வு பெற்ற அரசாங்க நிபுணர் சொல்கிறார்: 32 பிட்டே வாங்குங்கள்!' அன்று படித்து முடித்ததும் மேசையில் வைத்தேன், அங்கிருந்து எடுத்திருக்கிறான். கடைசிப் பத்தியை மட்டும் காணோம். முப்பத்திரண்டும் ஒருநாள் போதாது என்ற பத்தி. கத்தரித்த கோடுகூட நகலில் தெரிகிறது.

பொய்யை விற்றான், இப்போது உண்மையையும் விற்கிறான், அதிலும் முக்கால்தான். எனக்கு எதன்மேல் அதிக அருவருப்பு என்று தெரியவில்லை. துண்டுப் பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், யாரும் பார்க்காதபடி. பழைய குணம்.

ஜனவரி 16, 1996 – செவ்வாய்

நேற்றுப் பொங்கல். இன்று காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. புனிதா. மூன்றரை மாதத்துக்குப் பிறகு.

"அப்பா, கேளுங்க, குறுக்க பேசாதீங்க. அந்தப் பழைய பன்னெண்டையும் தம்பின் டவுன் பக்கம் ஒரு தோட்ட ஸ்கூலுக்குப் பேசி முடிச்சிட்டாரு. தை முதல் வெள்ளி தட்டு மாத்துறாங்க, காலையில பத்தரைக்கு, அந்தத் தோட்டத்துக் கோவில்ல. ஒங்க கடிதாசைக் காட்டித்தான் பேசியிருக்காரு."

எந்தக் கடிதம் என்றேன்.

"பதினாறு போதும்னு எழுதுனது. நீங்கதானே தட்டுல வெச்சிக் குடுத்தீங்க?"

நான்தான். சபைக்கு முன்னால், வெற்றிலை பாக்கோடு, இரண்டு கையாலும், நானே அவனிடம் கொடுத்தேன். கிழித்துப் போட்டிருக்க வேண்டிய காகிதத்தை முறைப்படி திருப்பிக் கொடுத்திருக்கிறேன்! முப்பத்து மூன்று வருடம் எல்லாவற்றையும் முறைப்படி செய்தவன்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்கப்பா." பிறகு கேட்டாள்: "அம்மாகிட்ட முறுக்கு இருக்கா?"

இருக்கிறது என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ஜனவரி 18 – வியாழன்

நான்கு பக்கத்தையும் புதிதாக எழுதினேன். இந்த முறை கடைசிப் பத்தியை முதலில் வைத்தேன், கத்தரித்தால் தலைப்பும் சேர்ந்து போகும்படி. மார்ச்சில் எழுதி வைத்த நகராண்மைக் கடிதத்தையும் தேடி எடுத்துத் தபால்தலை ஒட்டினேன்.

ஜனவரி 19 – வெள்ளி

மணி ஆறே கால். தம்பின் பேருந்து 7.15-க்கு. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டாலும், அங்கிருந்து டாக்சி கிடைக்க அரை மணி நேரம் வைத்துக்கொண்டாலும், ஒன்பதே காலுக்குள் கோவிலில் இருப்பேன்.

முனியம்மா இட்லி கட்டி வைத்துவிட்டாள். பையில் இன்னொரு பொட்டலமும் இருந்தது. முறுக்கு. "மாப்பிள்ளைக்கில்ல. அவ வந்தா குடுங்க" என்றாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "வெத்தல பாக்கு வெச்சித் தரவா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். இந்த முறை தட்டு மாற்றுவதற்கு முன்னாடியே போகிறேன்.